காந்தலூர் ஆப்பிள்: பழைய மரம், புதிய கன்று

ஆப்பிள் என்றதும் எந்த ஊர் நினைவுக்கு வரும்? காஷ்மீர். அடுத்து சிம்லா. இரண்டும் பனி விழும் ஊர்கள்.

கேரளத்தில் ஆப்பிள் விளையுமா?

விளையும். இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் காந்தலூரில் விளைகிறது.

மறையூரைத் தாண்டி மலைமேல் ஏறினால் காந்தலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே இறங்கினால் சின்னாறு காடு. காட்டைத் தாண்டினால் உடுமலைப்பேட்டை. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். ஊர்ப் பேச்சு தமிழ்.

இங்கே பூண்டு விளைகிறது. உருளைக்கிழங்கு, காரட், கோஸ் விளைகின்றன. வீட்டைச் சுற்றியும் தோட்டத்திலும் பிளம்ஸ், பீச்சஸ், பேரி, ஆப்பிள் மரங்கள் நிற்கின்றன. ஓணம் வரும் காலத்தில் ஆப்பிள் பழுக்கிறது. கீழே இருந்து வரும் மக்கள் மரத்தடியில் நின்று ஆச்சரியத்தோடு பார்க்கிறார்கள்.

குளிரில் தூங்கும் மரம்

ஆப்பிள் மரத்துக்குத் தூக்கம் வேண்டும். குளிர்காலத்தில் அது இலையை உதிர்க்கும். மொட்டுகள் மூடியபடி ஓய்வெடுக்கும். போதுமான குளிர் கிடைத்த பிறகுதான் மொட்டு விரியும். பிறகு பூ வரும். பூவிலிருந்து காய் வரும்.

குளிரை மணிக்கணக்கில் அளப்பார்கள். சுமார் 7 டிகிரி வெப்பத்துக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருந்தது என்று பார்ப்பார்கள். வடக்கே விளையும் டெலிசியஸ் போன்ற ரகங்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் குளிர் தேவை. காந்தலூரில் அவ்வளவு குளிர் இல்லை. ஆகவே அந்தக் கன்றை இங்கே நட்டால் இலை வரும். ஆனால் பூ சரியாக வராது.

குறைந்த குளிரே போதும் என்னும் ரகங்களும் உண்டு. இந்த மலைக்கு அவைதான் ஏற்றவை.

விதை போட்டால் என்ன?

ஒரு வீட்டில் பழைய ஆப்பிள் மரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழம் சிறியது. கடைப் பழம் போலப் பளபளப்பு இல்லை. ஆனால் நல்ல மணம். புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை. மரத்துக்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கக் கிளைகள் காய்ந்துவிட்டன. வீட்டில் இருக்கும் பாட்டி பழத்தின் விதையை எடுத்துத் தொட்டியில் போடுகிறார். விதை முளைக்கிறது. பாட்டிக்கு மகிழ்ச்சி. அதே மரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்.

அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. விதையிலிருந்து வரும் மரம் தாய்மரம் போல இருக்காது.

ஏன்? ஆப்பிள் பூவுக்கு வேறு ரக ஆப்பிளின் மகரந்தம் தேவை. தேனீதான் அதைக் கொண்டுவருகிறது. ஆகவே விதைக்கு அம்மா ஒரு மரம், அப்பா வேறு மரம். பிள்ளை அம்மாவைப் போலவே இருக்குமா? ஒரே பழத்தில் இருக்கும் ஐந்து விதையும் ஐந்து விதமான மரமாக வளரும். பெரும்பாலும் பழம் சிறுத்துப் புளிக்கும். அது தெரியவே பல ஆண்டுகள் ஆகும்.

எப்போதாவது ஒரு விதை நல்ல மரமாக வருவதும் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா. அவருடைய ஊர் தாழ்வான, வெப்பமான ஊர். 1999ஆம் ஆண்டு அவர் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆப்பிள் விதை முளைத்திருந்தது. அவர் அதைப் பிடுங்கி எறியவில்லை. காப்பாற்றி வளர்த்தார். அதுவே குறைந்த குளிரில் காய்க்கும் புதிய ரகம் ஆனது. அதற்கு எச்.ஆர்.எம்.என். 99 என்று பெயர். 2025ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் அவரும் அந்த ரகத்தை விதை மூலம் பரப்பவில்லை. ஒட்டுக் கட்டித்தான் பரப்பினார்.

ஒரே மரத்தின் கிளைகள்

ரோம் பியூட்டி என்று ஒரு பழைய ரகம் உண்டு. சிவப்பான, உருண்டைப் பழம். இதன் கதை 1817ஆம் ஆண்டு தொடங்குகிறது. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையில் ஜோயல் ஜில்லெட் என்ற விவசாயி இருந்தார். அவர் வாங்கிய கன்றுக் கட்டில் ஒரு கன்று மட்டும் வேறாக இருந்தது. வேண்டாத கன்று என்று அதை மகனிடம் கொடுத்தார். மகன் ஆற்றங்கரையில் நட்டான். அது சிவப்புப் பழம் காய்த்தது என்று சொல்வார்கள்.

அந்த முதல் மரம் இன்று இல்லை. ஆனால் ரோம் பியூட்டி இருக்கிறது. அந்த மரத்தின் குச்சியை ஒருவர் வெட்டி இன்னொரு கன்றில் ஒட்டினார். அதிலிருந்து மற்றொருவர் வெட்டி ஒட்டினார். இப்படிக் கை மாறி, கடல் தாண்டி, 200 ஆண்டுகளாக அந்த மரம் உயிரோடு இருக்கிறது. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவா மலைகளில்கூட ரோம் பியூட்டி காய்க்கிறது. அங்கே கடும் குளிர் இல்லை. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் இலைகளைக் கையால் உருவி விடுகிறார்கள். மரம் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகும் முன்பே மறுபடி பூக்கிறது. இந்த முறையில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுக்கிறார்கள்.

எந்தப் பழைய ரகமும் இப்படித்தான் வாழ்கிறது. யாரும் குச்சி எடுக்காவிட்டால் மரத்தோடு ரகமும் போய்விடும்.

மலைக்கு ஏற்ற ரகங்கள்

தென்னாட்டு மலைகளுக்கு என்று சில ரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது.

ஐரிஷ் பீச்: அயர்லாந்து நாட்டின் பழைய ரகம். முதலில் பழுக்கும். மரத்திலிருந்து பறித்த உடனே தின்றால்தான் சுவை. பல நாள் வைத்தால் மாவாகிவிடும்.

பார்லின்ஸ் பியூட்டி: கொடைக்கானலில் பெயர் பெற்றது. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதைக் கே.கே.எல். 1 என்ற பெயரில் வெளியிட்டது.

ரோம் பியூட்டி: கடைசியில் பழுக்கும். தோல் தடிப்பு. சமைத்தாலும் துண்டு குழையாது.

இரண்டு ரகமாவது அருகருகே இருக்க வேண்டும். ஒன்றாகப் பூக்கும் ரகங்களாக இருந்தால் நல்லது. இடம் இல்லையா? ஒரே மரத்தின் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டலாம். தேனீப் பெட்டி வைத்தால் காய் கூடும். பூக்கும் நாளில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் தேனீ சாகும், காயும் குறையும்.

ஒட்டுக் கட்டுவது எப்படி?

ஒட்டுக் கட்ட இரண்டு பகுதி வேண்டும். ஒன்று, வேரோடு இருக்கும் அடிச்செடி. இன்னொன்று, விரும்பும் மரத்தின் குச்சி.

அடிச்செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்பிளுக்குப் பெரிய எதிரி கம்பளி அசுவினி. வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும் பூச்சி. கிளையிலும் இருக்கும், மண்ணுக்குள் வேரிலும் இருக்கும். சாறு குடித்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். இந்தப் பூச்சியைத் தாங்கும் அடிச்செடிகளை இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். எம்.எம். 106, எம்.எம். 104 போன்றவை அவை. வேளாண்மை அலுவலகத்திலோ அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ கேட்டு வாங்கலாம்.

வேலை நடக்கும் முறை இது:

1. டிசம்பர், ஜனவரி மாதம் ஏற்ற காலம். அப்போது மரம் ஓய்வில் இருக்கும்.

2. நன்றாகக் காய்த்த, நோய் இல்லாத கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடந்த ஆண்டு வளர்ந்த, பென்சில் கனமுள்ள குச்சியை வெட்ட வேண்டும். மூன்று நான்கு மொட்டு இருந்தால் போதும்.

3. அடிச்செடியும் குச்சியும் ஒரே கனமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடிச்செடியைச் சாய்வாக வெட்ட வேண்டும். குச்சியின் அடியையும் அதே சாய்வில் வெட்ட வேண்டும். கத்தி சுத்தமாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும்.

4. பட்டைக்கு அடியில் மெல்லிய பச்சைப் படலம் தெரியும். இரண்டின் பச்சைப் படலமும் ஒன்றோடு ஒன்று தொட வேண்டும். இதுதான் முக்கியம். இது தொடாவிட்டால் ஒட்டுப் பிடிக்காது.

5. பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். காற்றும் நீரும் உள்ளே போகக் கூடாது. குச்சியின் நுனி வெட்டில் மெழுகு வைக்கலாம்.

6. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். அது அடிச்செடியின் துளிர். விட்டால் அது வளரும், ஒட்டு நலியும்.

7. மேல் துளிர் நன்றாக வளர்ந்ததும் நாடாவை அவிழ்க்க வேண்டும்.

முதல் முறையில் எல்லாம் பிடிக்காது. ஆகவே ஒரு மரத்துக்கு ஒரு கன்று என்று நிறுத்த வேண்டாம். ஐந்தாறு கன்று கட்டுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். இரண்டு மூன்று வீட்டில் இருக்கும் ரகம் ஒரே புயலில் அழியாது.

நடுவதும் வளர்ப்பதும்

ஒட்டுக் கட்டி ஓர் ஆண்டான கன்றை நடலாம். குழி நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 60 செ.மீ. கன்றுக்குக் கன்று 4 மீட்டர் இடைவெளி. நீர் தேங்கும் இடம் ஆகாது.

ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அது மண்ணில் புதைந்தால் மேல் குச்சியே வேர் விடும். பிறகு அடிச்செடியின் பயன் போய்விடும்.

ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்த கிளை, நோய்க் கிளை, குறுக்கே போகும் கிளை இவற்றை வெட்ட வேண்டும். மரத்தின் நடுவில் வெயில் விழ வேண்டும். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 25 கிலோ தொழு உரம் இடலாம்.

நான்காம் ஆண்டு முதல் காய்க்கும். நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 10 முதல் 20 கிலோ தரும். குளிர் குறைந்த ஆண்டில் பூ ஒரே நேரத்தில் வராது, காயும் குறையும். ஆகவே நிலம் முழுவதையும் ஆப்பிளுக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். பூண்டும் கிழங்கும் இருக்கட்டும். வீட்டோரம் சில மரங்கள் நிற்கட்டும்.

பறிப்பதும் சுவைப்பதும்

பழுத்த ஆப்பிளை இழுக்க வேண்டாம். கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருகினால் காம்போடு வரும். வரவில்லையா? இன்னும் சில நாள் விடுங்கள். ஒரு பழத்தை அறுத்துப் பார்க்கலாம். விதை வெள்ளையாக இருந்தால் காய். பழுப்பாக இருந்தால் பழம்.

கடையில் இருக்கும் ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் இருந்து வந்திருக்கலாம். காந்தலூர்ப் பழம் காலையில் மரத்தில், மாலையில் கையில். அதன் மதிப்பு அதுதான். அளவிலும் நிறத்திலும் காஷ்மீர்ப் பழத்தோடு போட்டி போட முடியாது. புதுமையில் போட்டி போடலாம். ஆகவே தொலைவுச் சந்தைக்கு அனுப்புவதைவிடத் தோட்டத்திலேயே விற்பது நல்லது.

அடிபட்ட பழம், உதிர்ந்த பழம் வீணாக வேண்டாம். அழுகிய பகுதியை முழுவதும் நீக்க வேண்டும். புளிப்புப் பழத்தில் ஊறுகாய் போடலாம். தயிர், தேங்காய் சேர்த்து ஓணத்துக்குப் பச்சடி செய்யலாம். சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஜாம் தானாக இறுகும். நறுக்கிய துண்டு கறுக்காமல் இருக்க உப்பு நீரில் போடலாம். விதையை மென்று தின்னக் கூடாது. அதில் நஞ்சு உண்டு.

வெட்டும் முன்பு

பழைய மரம் காய்ப்புக் குறைந்தால் வெட்டத் தோன்றும். வெட்டுவது தவறல்ல. விறகுக்கும் இடத்துக்கும் தேவை உண்டு. ஆனால் வெட்டினால் திரும்ப வாங்க முடியாத பொருள் அது. அந்த ரகத்தின் பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். வேறு எங்கும் அது இல்லாமலும் இருக்கலாம். எத்தனையோ குளிர்காலத்தை இந்த மண்ணிலேயே தாங்கிக் காய்த்த மரம் அது.

மார்கழி வரை பொறுத்திருங்கள். நல்ல கிளையில் பத்துக் குச்சி எடுங்கள். ஒட்டுக் கட்டுங்கள். துளிர் வந்த பிறகு கோடாரியை எடுக்கலாம். பாட்டி தின்ற அதே பழத்தைப் பேத்தியும் தின்பாள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வயதான பழமரம் எங்கே இருக்கிறது? அதை நட்டவர் யார்?

2. அந்த மரத்தின் கன்று வேறு எந்த வீட்டிலாவது உண்டா?

3. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் ஊரில் யார்? அவரிடம் யார் கற்றுக்கொள்ளலாம்?