கொலுப்படிக்குப் பின்பக்கம்

கொலு பார்க்க வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, சுண்டலும் தாம்பூலமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு ஆசையெல்லாம் பின்பக்கத்தின் மேல்தான்! படியைப் போர்த்தியிருக்கும் அந்த வெள்ளைத் துணியின் ஓரத்தை லேசாக விலக்கி, உள்ளே என்னதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் நாகமலை புதுக்கோட்டையில் அந்த ஆசை பலித்தது. பொம்மை ஏறாத படி, பச்சை பிடிக்காத பூங்கா, பெயின்ட் காயாத செட்டியார் என்று எல்லாவற்றையும் பாதி வேலையில் பார்த்துவிட்டேன். வாங்க, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் மேற்கே வந்தால் கூடவே நீண்டு வரும் மலைதான் நாகமலை. அதன் அடிவாரத்து ஊர் இது. பக்கத்திலேயே பல்கலைக்கழகம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-இல் காமராசர் பெயரைப் பெற்றது. ஊருக்குள்ளேயே கல்லூரியும் உண்டு. ஆகவே தெருவுக்குத் தெரு வாத்தியார் வீடு, பேராசிரியர் வீடு. கொலுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? படிக்குப் பின்னால் வந்தால் தெரியும்!

முதல் வீடு, ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவருடையது. கடையில் விற்கும் மடக்கு இரும்புப் படி அவரிடம் கிடையாது. அடித்தளம், இரண்டு தகர டிரங்குப் பெட்டிகள். வருஷம் முழுக்கப் பொம்மைகள் பழைய வேட்டித் துணிக்குள் தூங்குகிற அதே பெட்டிகள்தான். பொம்மைகளை வெளியே எடுத்ததும் பெட்டி காலி. உடனே அதுவே படியாகிவிடுகிறது! பொம்மை குடியிருந்த வீட்டின் மேலேயே பொம்மை ஏறி உட்காருகிறது. இதைப் பார்த்ததும் கைதட்டாத குறைதான் எனக்கு. அதற்கு மேல் பலகை. பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருப்பவை, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்த எம்.ஃபில். ஆய்வேடுகள்! கெட்டி அட்டை, ஒரே அகலம், ஒரே நீளம். அடுக்கினால் ஒரு நூல் கூடப் பிசகுவதில்லை.

“செங்கல்லு வச்சா தரை கீறும். அட்டைப்பெட்டி வச்சா நடுவுல அமுங்கிரும். இது அசையாதும்மா. நவராத்திரி முடிஞ்சதும் துடைச்சு பீரோவுக்குள்ள வச்சிருவேன். ஒண்ணு விடாம நான் படிச்சு கையெழுத்துப் போட்டது” என்றார். சொல்லும்போது குரலில் அத்தனை வாஞ்சை.

இன்னும் உள்ளே டார்ச்சைத் திருப்பினேன். மூலையில் அரிசி நிரம்பிய டின் ஒன்று. உச்சிப் படியில் கலசமும் பெரிய தெய்வப் பொம்மைகளும் உட்காருவதால் மேலே பாரம் அதிகம், பின்பக்கம் கனமாக ஒன்று இருந்தால்தான் படி முன்னால் சாயாது என்று விளக்கினார். காலி டின் வைத்து ஏமாறக் கூடாதாம். துணி போர்த்துவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு முழ வேட்டியை மேலிருந்து கீழே விடுவதில்லை, கீழ்ப்படியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு படியின் மூலையிலும் விரலால் அழுத்தி மடித்து, டிராயிங் பின் குத்திவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். மேலிருந்து விட்டால் நடுவில் துணி தொங்கி, சின்னப் பொம்மைகள் எல்லாம் குடைசாயும். படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். ஆய்வேடு எத்தனை கைவசம் இருக்கிறதோ அதைப் பொறுத்து இந்த வீட்டில் ஏழு!

படிக்குச் செலவு சுத்தமாக இல்லை. சரி, மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது? விளாச்சேரிக்கு! அந்த அம்மாள் இதில் மட்டும் மகா கண்டிப்பு. பலகை, துணி, விளக்கு, மலை, குளம் என எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம், பொம்மை செய்கிறவர் கையில் மட்டும் பேரம் பேசக் கூடாது என்கிறார். நானும் அதே கட்சிதான்.

விளாச்சேரி இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று வாதிட்ட பரிதிமாற் கலைஞர் 1870-இல் பிறந்த ஊர் அது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு திண்ணையில் பிள்ளையார் காய்கிற ஊர். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகைக்கு அகல், மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்று அவர்களுடைய காலண்டரே வேறு. நவராத்திரிக்கு முந்தின வாரம் போய் நின்றால் உட்காரக்கூட இடமில்லை. தரை முழுக்க தசாவதாரம், கல்யாண செட், கிராமத்து செட், கால் வைத்தால் மச்சாவதாரம்!

ஒரு வீட்டில் அச்சிலிருந்து பொம்மை பிறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பொம்மைக்கு முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. பிசைந்த களிமண்ணைச் சப்பாத்தி கனத்துக்குத் தட்டி அச்சுக்குள் விரலால் அழுத்துகிறார்கள். மூக்குக்கும் விரல் நுனிக்கும் தனி அழுத்தம். இரண்டு பாதியும் கொஞ்சம் இறுகியதும் ஓரத்தில் குழம்பு மாதிரி கரைத்த மண்ணைத் தடவி ஒட்டுகிறார்கள். ஒட்டிய தடத்தை ஈரத்துணியால் ஒரே இழுப்பு, அவ்வளவுதான், தையல் தெரிவதில்லை! அடியில் மட்டும் ஒரு ஓட்டை விடுகிறார்கள். சூளையில் வேகும்போது உள்ளே அடைபட்ட சூடான காற்று வெளியேற வழி வேண்டுமே. முதலில் நிழலில் காயும், பிறகு வெயிலில், பிறகு சூளை. அவசரப்பட்டு நேராக வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் சுருங்கி விரிசல் விடும். வெந்து வந்ததும் வெள்ளை அடித்து, உடம்பு வண்ணம், உடை, நகை என்று வரிசையாகப் பூசி, கண்ணை மட்டும் கடைசியில் திறப்பார்கள். மெல்லிய தூரிகை, இமைக்கு ஒரு வளைவு, நடுவில் ஒரு புள்ளி. அது வரைக்கும் மண்ணாக இருந்த அம்மன் சட்டென்று நம்மைப் பார்க்கிறாள்!

“அக்கா, தூக்கி வச்சுக்கிட்டு விரலால தட்டிப் பாருங்க. டங்குனு கேட்டா நல்லா வெந்திருக்கு. டொப்புனு கேட்டா எங்கிட்டோ கீறல் இருக்கு, அதை எடுக்காதீக” என்று விற்கிறவரே சொல்லிக்கொடுத்தார். காகிதக் கூழ் பொம்மை என்றால் எடை இருக்காது, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. பழகிய வாடிக்கைக்காரர்கள் வெள்ளை மட்டும் அடித்த பொம்மையைக் கேட்டு வாங்கிப்போய், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வண்ணம் பூசுகிறார்கள். பட்ஜெட்டுக்கு பட்ஜெட், பிள்ளைக்குப் பொழுதுபோக்கு. கண் எழுத மட்டும் பெரியவர்களை விடுங்கள்!

திரும்பி வந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு திண்ணையே ஆஸ்பத்திரியாகி இருந்தது. போன வருஷம் மூட்டை கட்டும்போது விரல் ஒடிந்த செட்டியார், காது போன யானை, மூக்கு தேய்ந்த போலீஸ்காரர் எல்லாரும் வரிசையில். சாக்பீஸைப் பொடித்து ஃபெவிகால் விட்டுப் பிசைந்தால் அதுதான் மருந்து. செட்டியாருக்கு விரல் வைப்பதைப் பார்த்தேன். குச்சி ஐஸ் குச்சியிலிருந்து ஒரு சிலாம்பைச் சீவி எலும்பாக நட்டு, அதைச் சுற்றிப் பசையை உருட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே வண்ணம். காய ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும், ஈரத்தோடு தேய்த்தால் விரல் கையோடு வந்துவிடும். பழைய பொம்மையைத் தண்ணீரில் கழுவவே கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். செட்டியார் கடைக்குச் சரக்கு எல்லாம் அடுப்படியிலிருந்து: பருத்திக்கொட்டை அளவுக்குக் காகிதப் பொட்டலம், சோடா மூடியில் துவரம்பருப்பு, மிளகு, மஞ்சள் துண்டு. தராசுத் தட்டும் சோடா மூடிதான்!

மரப்பாச்சிக்கு உடுத்த வேண்டுமே? வீட்டில் கிழிந்த சுங்குடிச் சேலை இருந்தால் அதன் முந்தி போதும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர் சுங்குடியின் சின்னச் சின்னப் புள்ளி, கையகல மரப்பாச்சிக்கு என்றே அளவெடுத்தது போல் பொருந்துகிறது. ஜரிகை லேஸ் வேண்டுமானால் டவுனுக்குப் போக வேண்டும். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அழகர் வேஷத்துக்கும் அம்மன் பாவாடைக்கும் தைக்கிறவர்களிடம் விழுகிற வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கலாம்.

இப்போது பூங்கா! இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய தாம்பாளத்தில் மணல் பரப்பி, கேழ்வரகு தூவி, கை அளவு தண்ணீர் தெளித்து வைத்தால் அமாவாசைக்குள் பட்டுப் போன்ற புல்வெளி. கடுகு கொஞ்சம் உயரமாக வளர்ந்து புதராகும். ராத்திரி ஊறவைத்த வெந்தயம் வட்ட இலை விட்டு நந்தவனமாகும். விதை எல்லாம் சமையலறை டப்பாவிலிருந்தே. இதில் மதுரைப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவுமே இல்லை, இவர்கள் கையில் முளைப்பாரி வளர்த்த அனுபவம் இருக்கிறது. முளைப்பாரியை இருட்டறையில் வெளிச்சம் படாமல் வளர்ப்பார்கள், அதனால்தான் வெளுத்த மஞ்சளில் நெடுநெடுவென்று நிற்கும். பூங்காவுக்கு அப்படி வேண்டாம், குட்டையாகப் பச்சையாக வேண்டும்.

“ரெண்டு இலை விட்டதும் காலை வெயில்ல கொண்டுபோய் வச்சிரணும் மதினி. வீட்டுக்குள்ளயே வச்சா முளைப்பாரி ஆயிரும்” என்று ஒருவர் சொல்ல, அடுத்த வீட்டு அம்மாள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியதை நானே பார்த்தேன்!

கடைசி வீட்டில் கல்லூரி படிக்கும் அக்கா தங்கை இருவர். இந்த வருஷம் அவர்கள் கொலுவுக்குப் பக்கத்தில் கட்டுவது சமணர் மலை. கீழக்குயில்குடி இங்கிருந்து பக்கம்தான். மலையடிவாரத்தில் ஐயனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம், மேலே செட்டிப்புடவில் பாறையில் செதுக்கிய மகாவீரர், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வட்டெழுத்து. ஞாயிற்றுக்கிழமை போய் போட்டோ எடுத்து வந்திருக்கிறார்கள். மலைக்கு அடியில் வாஷிங்மெஷின் வந்த அட்டைப்பெட்டி. அதன் மேல் கசக்கிய பழுப்புத் தாளை மைதாப் பசையில் தோய்த்துப் போர்த்தி, ஈரம் காயும் முன்பே விரலால் பள்ளமும் மேடும் எடுக்கிறார்கள். காய்ந்ததும் அடுப்புக் கரித்தூளும் காவியும் கலந்து பஞ்சால் ஒற்றுகிறார்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். அப்போதுதான் மேடு மட்டும் நிறம் பிடித்து பாறை பாறையாகத் தெரியும்.

மகாவீரருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? காகிதக் கூழ்! பாட்டி முறைப்படி. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்த கூழ். அந்தக் காலத்தில் இதைக் குடத்தின் பின்புறத்தில் அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றித்தான் கூடை செய்வார்கள். வெந்தயம் கூழுக்குப் பிடிமானம் கொடுக்கும், பூச்சியும் கிட்டே வராது. மிக்ஸி சூடாகாமல் இருக்க விட்டுவிட்டு அரைக்க வேண்டும். கோயில் தூண்களுக்குப் பீரோவில் சேர்ந்துகிடந்த கல்யாணப் பத்திரிகைகள். கெட்டி அட்டை, ஓரத்தில் தங்கக்கோடு, புடைத்த பிள்ளையார் வேறு, கத்தரித்து உருட்டினால் தூண் தயார். குளத்துக்கு உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஓரத்துக்கு மணல். தாமரை மட்டும் எதனால் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரமாயிற்று. பூண்டுத் தோல்! இதழ் இதழாக அடுக்கி அடியில் ஒரு துளி பசை, நுனியில் குங்குமத்தண்ணீர் தொட்டது. கண்ணாடியில் அதன் நிழல் விழுந்து ஒன்று இரண்டாகத் தெரிகிறது. ஐயோ, அத்தனை அழகு!

சீரியல் விளக்கை மட்டும் மலைக்குள் விட வேண்டாம் என்று அவர்கள் அப்பா தடுத்துவிட்டார். காகிதமும் வைக்கோலும் இருக்கும் இடத்தில் ஒட்டுப்போட்ட வயர் ஆகாது. சரியான பேச்சு. விளக்கு படியின் ஓரத்தோடு நின்றுவிட்டது, எல்.இ.டி. மட்டும்தான்.

“முடிஞ்சதும் இவ்வளவு பெரிய மலையை எங்க வைப்பீங்க?” என்று கேட்டேன். அதற்கு ஏற்கெனவே முன்பதிவாம். எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் டிசம்பரில் குடில் கட்டுவார்கள். மகாவீரரைப் பத்திரமாகக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு மலையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். விளாச்சேரியில் மாதா, சூசையப்பர், ஆட்டிடையர் செட் சொல்லி வைத்தாயிற்று. ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார் டீச்சர்: “குளத்தைக் கழட்டாமக் குடு தாயி, பெத்லகேம் ஆடுகளுக்கும் தண்ணி வேணுமில்ல!”