‘தெரிஞ்சவர் வண்டிதான்...’ பழைய பைக்கை நம்பி வாங்கலாமா?

மகனுக்குப் பக்கத்து ஊரில் வேலை கிடைத்திருக்கும். பஸ் நேரம் ஒத்துவராது. புது பைக் வாங்கக் கையில் பணம் இல்லை. மாதத் தவணைக்கும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து, ‘நமக்குத் தெரிஞ்சவர் வண்டி ஒண்ணு இருக்கு. 100 சி.சி., சிங்கிள் ஓனர், 35,000 ரூபாய்தான்’ என்று யாராவது சொல்வார்கள். தெரிந்தவர் என்ற கூச்சத்திலேயே கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுவோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஆர்.சி., பிறகு வண்டி

ஆர்.சி-யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதியும் இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பதும் தெரியும். கட்டாத அபராதங்களையும் ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் தீர்ந்தால் மட்டும் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி-யில் இருக்கும் ஹெச்.பி-யை நீக்கியிருக்க வேண்டும்.

பதிவு 15 ஆண்டுகள் செல்லும். 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் அது முடியும். பிறகு சோதனைக்குக் காட்டி, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

காலையில் போய்ப் பாருங்கள்

‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ஆறிய இன்ஜின் ஓரிரு முறையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, செலவு பெரிது. குளிர்ந்த காலையில் சில நொடிகள் மட்டும் வரும் வெள்ளைப் புகைக்குப் பயப்பட வேண்டாம்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். தினமும் 30 கி.மீ. ஓடினாலே வருடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். ஏழு வருட வண்டி 18,000 கி.மீ. காட்டுகிறது, ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் ஏதோ இடிக்கிறது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் போயிருக்கிறது. ஒருவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் போகவில்லை என்றால் அடிபட்ட வண்டியாக இருக்கலாம். டயரில் 2319 என்று இருந்தால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

உண்மையான விலை எவ்வளவு?

டயர், செயின் ஸ்ப்ராக்கெட், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆகும் என்றால், அந்த 35,000 ரூபாய் வண்டியின் விலை 43,000. பேரம் பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 விதி வந்ததால், அதன் பிறகு தயாரான வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டவை. பழைய கார்புரேட்டர் வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். புதியதில் கோளாறு வந்தால் அதற்கான கருவி உள்ள இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் எது வசதி என்று யோசியுங்கள்.

கையெழுத்தோடு முடிவதில்லை

படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி, ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று பெட்டியில் வைத்துவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாள்கள். பெயர் மாறாமல் வண்டி திருடுபோனால், இழப்பீடு மறுக்கப்படலாம்.

விற்றவருக்கும் ஆபத்து உண்டு. வண்டியைக் கொடுத்துவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே, ‘பெயர் மாற்றத்துக்குச் சேர்ந்து போகலாமா?’ என்று தெரிந்தவரிடம் தயங்காமல் கேளுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. அதற்கும் அவர் இழுத்தடித்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். வேறு வண்டி கிடைக்கும்.