மிதி ஓயாத மிதிவண்டி

ஓடும் மிதிவண்டியில் மிதிப்பதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். பின்சக்கரத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி எழும். கால்கள் ஓய்ந்திருக்க, வண்டி மட்டும் உருண்டோடும். இந்த வசதியைத் தருவது பின்சக்கரத்தின் நடுவே உள்ள ‘பிரீவீல்’. அதனுள் இருக்கும் சிறு நாக்குகள் முன்னோக்கி மிதிக்கும்போது பற்களைப் பற்றிக்கொள்கின்றன; மிதிப்பது நின்றதும் பற்களின்மேல் வழுக்கிச் செல்கின்றன. அந்த வழுக்கலின் ஒலியே நாம் கேட்பது.

பிரீவீலை நீக்கி, பற்சக்கரத்தைப் பின்சக்கரத்தோடு இறுகப் பிணைத்துவிட்டால் என்ன ஆகும்? சிறு குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழலும். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். ஆங்கிலத்தில் ‘பிக்ஸட் கியர்’ எனப்படும் இவ்வகை வண்டியை நாம் நிலைச்சக்கர மிதிவண்டி என்போம்.

மிதிவண்டிப் பந்தயத் தடங்களில் ஓடுவது இவ்வகையே. அங்கு வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. ஒருவர் திடீரென நின்றால் பின்னால் நெருங்கி வருபவர் மோதிவிடுவார் அல்லவா? நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டுசேர்க்கும் மிதிவண்டித் தூதர்கள் பலர் இவ்வண்டியை விரும்பி ஓட்டினர். உறுப்புகள் குறைவு, எடை குறைவு, பழுதும் குறைவு. பின்னர் அலுவலகம் செல்வோரும் இதை நாடினர். ஆனால் நகரச் சாலை பந்தயத் தடமன்று. ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பற்கள் எத்தனை?

முன் பற்சக்கரத்தில் 46 பற்களும் பின்னதில் 17 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 46/17, அதாவது சுமார் 2.7 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனில் வண்டி ஏறத்தாழ 5.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். சமதளமான நகரத்துக்கு இது ஏற்றது.

இறக்கத்தில் வேகம் 40 கிலோமீட்டரை எட்டினால்? கால்கள் நிமிடத்துக்கு 117 முறை சுழன்றே ஆக வேண்டும். ஓய்வு கேட்க முடியாது. விகிதத்தைக் கூட்டினால் கால்களின் சுழற்சி குறையும். ஆனால் மேட்டில் ஏறுவதும், பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைப்பதும் கடினமாகும்.

16-ஆ, 17-ஆ?

சிலர் கால்களை இறுக்கிப் பின்சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்தி, டயரைச் சாலையில் தேய்த்து வேகத்தைக் குறைப்பார்கள். அப்போது மிதிகள் எப்போதும் ஒரே நிலையில்தான் இருக்கும். பற்கள் 48-ம் 16-ம் எனில், ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் சரியாக 3 முறை சுற்றும். ஆகவே ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இடம்தான் சாலையில் தேயும். அந்த ஓரிடம் விரைவில் ஓட்டையாகிவிடும்.

46/17 என்ற பின்னத்தை மேலும் சுருக்க முடியாது. எனவே 17 மிதிச் சுற்றுகளுக்குப் பிறகே டயரின் அதே இடம் மீண்டும் வரும். தேய்மானம் 17 இடங்களில் பரவும். பள்ளியில் படித்த பகா எண் டயரின் ஆயுளை நீட்டிப்பதைப் பாருங்கள்!

முன் பிரேக் தேவையா?

கால்களாலேயே நிறுத்தலாமே, பிரேக் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். விடையைத் தருவது இயற்பியல். வண்டியின் வேகம் குறையும்போது நம் உடல் முன்னோக்கிச் சாய்கிறது அல்லவா? பாரமும் முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் சாலையை அழுத்துவது குறைவதால், அதன் உராய்வும் குறைகிறது. உலர்ந்த சாலையில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியைப் பின்சக்கரத்தால் மட்டும் நிறுத்தச் சுமார் 9 மீட்டர் வேண்டும். நல்ல முன் பிரேக் இருந்தால் ஏறத்தாழ 4.5 மீட்டர் போதும்.

இந்த இடைவெளியில் ஓர் உயிர் அடங்கியிருக்கக்கூடும். 2016-இல் லண்டனில் சாலையைக் கடந்த ஒரு பெண்மணி, முன் பிரேக் இல்லாத நிலைச்சக்கர வண்டி மோதி உயிரிழந்தார். ஓட்டிய இளைஞருக்கு 2017-இல் 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய வண்டிக்கு முன் பிரேக் கட்டாயம் என்று பிரிட்டனில் 1983-இலேயே விதி வகுத்திருந்தார்கள். பிரேக்கின் எடை சில நூறு கிராம்தான்!

வேறு சில குறிப்புகள்

மிதிகள் ஓயாததால், வளைவில் வண்டி சாயும்போது கீழ்மிதி தரையில் இடிக்கக்கூடும். ஆகவே மிதியைத் தாங்கும் தண்டு குட்டையாக இருப்பது நல்லது. பின்னோக்கி அழுத்தும்போது பற்சக்கரம் கழன்றுவிடாதிருக்க, இடப்புறம் திருகும் மரையுள்ள பூட்டு வளையம் அவசியம். கால்சட்டை நுனியைக் கட்டிக்கொள்ளுங்கள். துணி சங்கிலியில் சிக்கினாலும் மிதி நிற்காது, துணியையும் காலையும் சேர்த்தே இழுக்கும்.

ஒருபுறம் நிலைப் பற்சக்கரமும் மறுபுறம் பிரீவீலும் பொருத்தத்தக்க பின்சக்கரங்கள் உண்டு. பழகுவோருக்கு அதுவே ஏற்றது. ஒருபுறம் பிடிக்காவிட்டால் சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்! எந்தப் புறத்தை மாட்டினாலும், முன் பிரேக்கை மட்டும் கழற்றாதீர்கள்.