குளிர்காற்று குன்றினால்…

வாடகைக் காரை நம்பிக் குடும்பம் நடத்தும் அன்பர்களே! நம் மான்குர்த்திலிருந்து பன்வேல் செல்கையில் முதலில் நன்கு குளிர்ந்து, பின் காற்றே குன்றி, குளிர்சாதனத்தைச் சற்று நிறுத்தினால் மீண்டும் சீராகிறதா? உள்ளிருக்கும் குளிர்சுருளில் பனி உறைந்திருக்கலாம். உடனே கேஸ் நிரப்பப் பணம் கொடுத்துவிடாதீர். நாம் அறிந்த ஓட்டுநர் ஒருவர் இருமுறை அவ்வாறு இழந்தார். சுருள் உறைந்தும், ‘வெப்பமாக உள்ளது’ எனச் சென்சார் பொய்யுரைத்தால் கம்ப்ரஸர் ஓயாது ஓடும். சிக்னல் பிழைத்தால் எஞ்சினைப் பழிப்போமோ?

சோதனை எளிது. சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரில் இணைத்து, பனிக்கட்டி நீரில் நனையுங்கள். பெரும்பாலான கார்களில் மின்தடை படிப்படியாக ஏறவேண்டும். உள்ளங்கைச் சூட்டில் இறங்கவேண்டும். அசையாது நின்றால் சென்சார் பழுதே. ஏறி இறங்கினாலும், அளவு அக்காருக்கு உரியதுதானா என ஒப்பிடுக. இணைப்பு முனையில் மழைக்காலக் களிம்பு உண்டா என்றும் காண்க. யாவும் சரியாயின், அப்போது கேஸ் அளவைச் சோதிக்கச் சொல்லலாம். உழைத்த பணம் வீணாகாது.