ஒளிந்திருக்கும் பின் பிரேக்

ஜாகுவார் ஈ-டைப் காரின் பின் சக்கரத்தைக் கழற்றினால் ஹப் மட்டும் மொட்டையாக நிற்கும். டிஸ்க்கைத் தேடினால் காருக்கு அடியில் நடுவயிற்றில், டிஃபரன்ஷியலை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கும்.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான கார் இது. அதன் பின் சஸ்பென்ஷன் பாப் நைட் என்ற பொறியாளரின் கைவண்ணம். மேடு பள்ளத்தில் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தால் டயர் சாலையை விடாமல் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. பாரத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதற்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஓட்டுபவருக்குச் சுகம். கழற்றுகிறவன் பாடு வேறு.

காருக்கு அடியில் படுத்தபடியே டிஸ்க்கை மாற்றிவிடும் சூரர்கள் உண்டு. என் கை அவ்வளவு ஒல்லி இல்லை. இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மொத்தக் கூண்டையும் இறக்கிவிடுவோம். டிஃபரன்ஷியல், டிஸ்க், காலிப்பர், நான்கு ஸ்பிரிங் எல்லாவற்றையும் தாங்கும் இரும்புக் கூண்டு அது; நான்கு ரப்பர் மவுண்ட்டில் பாடியோடு தொங்குகிறது. சைலன்சர் பைப், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் மரியாதையாகக் கழன்று வரும். சஸ்பென்ஷனைப் பாடியோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மின் முன் முனைதான் வம்பு பிடித்தது. குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். வருஷக்கணக்கில் அந்த உப்பைத் தின்ற துரு, முனையைப் பாடியோடு ஒட்டவைத்திருக்கும். அதை அசைப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

கூண்டு கீழே வந்த பிறகு காலிப்பர் போல்ட்டுகளைப் பூட்டியிருக்கும் கம்பியை வெட்டி, டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட்டை விலக்கினால் டிஸ்க் வரும். ஷாஃப்ட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய தகடுகள் உதிரும். எந்தப் பக்கம் எத்தனை என்று உடனே எழுதிவைக்க வேண்டும். ஈ-டைப்பில் ஹாஃப் ஷாஃப்ட்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. அரை மில்லிமீட்டர் ஷிம் ஒன்று தவறினால் சக்கரத்தின் சாய்வு கால் டிகிரி மாறிவிடும்.

டிஸ்க்கோடு ஆயில் சீலையும் மாற்றச் சொல்லி உரிமையாளரிடம் சண்டை போடுவேன். பிரேக்கின் சூடு நேராக டிஃபரன்ஷியலில் ஏறுகிறது. சூட்டில் சீல் இறுகி வெடித்தால் எண்ணெய் கசிந்து புது டிஸ்க்கிலேயே வடியும். பேட் ஊறிப்போகும். காசை மிச்சம் பிடித்தவர் கூண்டை மறுபடி இறக்கக் கூலி கொடுப்பார். பிரிட்டனில் 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்பதால், கண்ணுக்குத் தெரியாத இந்த பிரேக்கை எட்டிப் பார்க்க ஆளும் இல்லை.

கூண்டை ஏற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை முழுதாக வெளியேற்றினால் பெடல் கல் மாதிரி நிற்கும். ஹேண்ட் பிரேக் மட்டும் தனிக்கதை. அதற்கென்று மேலே இரண்டு குட்டிக் காலிப்பர்கள் இருக்கின்றன. என்ன சரிசெய்தாலும் அவற்றின் பிடி சுமார்தான். சரிவில் நிறுத்தும்போது கியரிலும் போட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன்.