அயோடின் வீக்கம்

காதின் முன்னும் தாடையின் கீழும் திடீரென வீங்கக் கண்டவிடத்து, அதனைப் ‘பொன்னுக்கு வீங்கி’ என்று துணிதல் நம் நாட்டு வழக்கம். வீங்கியோர்க்குக் கழுத்திற் பொற்சங்கிலி அணிவித்தலும் உண்டு. ஆயின் அத்தகைய வீக்கம் யாவும் அத்தொற்று நோயே ஆகா. மருந்தொன்றின் விளைவாய்த் தோன்றும் வீக்கமும் உளது. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்கள் எலும்பினைத் தெளிவுறக் காட்டும். இரத்தக் குழாய், சிறுநீரகம் முதலிய மெல்லுறுப்புக்களை அங்ஙனம் பிரித்துக் காட்டா. அக்குறை நீங்கும்பொருட்டு அயோடின் அடங்கிய மருந்தினை இரத்தக் குழாயில் ஏற்றுவர். அயோடினின் அணுவெண் 53. அஃது அக்கதிர்களை மிகுதியும் தடுக்கும் இயல்பினது. ஆதலின் மருந்து சென்ற இடம் படத்தில் வெண்மையாய் விளங்கும். இக்காலத்துச் சி.டி. ஸ்கேன் சோதனைகள் பலவற்றினும் இம்முறையே கையாளப்படுகின்றது.

ஏற்றிய மருந்தில் ஏறக்குறைய 100-க்கு 98 பங்கு சிறுநீரகங்களின் வழியே கழிந்துவிடும். எஞ்சிய சிறுபகுதி உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றைச் சுரக்கும் சுரப்பிகளின் வழியே செல்லும். தைராய்டுச் சுரப்பியைப் போலவே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் குருதியிலுள்ள அயோடைடை ஈர்த்துத் தம்மிடத்துச் சேர்க்கும் ஆற்றல் உடையன. அது மிகுந்தவழிச் சுரப்பியின் நுண்குழாய்கள் தடித்து, உமிழ்நீர் வெளிப்படாது தேங்க, வீக்கம் உண்டாகும் என்பது மருத்துவர் கருத்து. சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு மருந்து விரைவிற் கழியாதாகலின், அவர்பால் இது நிகழ்தற்கு இடம் மிகுதி; எனினும் நல்ல சிறுநீரகம் உடையோர்க்கும் நிகழ்வதுண்டு. 1956-ஆம் ஆண்டில் ஸஸ்மன், மில்லர் என்னும் இருவர் இவ்வீக்கத்தை மருத்துவ இதழொன்றில் எடுத்துரைத்தனர்.

மருந்தேற்றிய சில நிமிடங்களிலேனும், சில நாட்கள் கழித்தேனும் வீக்கம் தோன்றலாம். பெரும்பாலும் நோவு இராது, இருப்பினும் சிறிதே. சின்னாளில் தானே வடிந்துவிடும். இதனை அறியாதார், தொற்றெனக் கருதி நோயாளியைத் தனியே ஒதுக்குதலும், கிருமிகளைக் கொல்லும் மருந்துகளை வீணே ஊட்டுதலும் கூடும். இதற்கு மாறாக, எவ்வீக்கமும் தீங்கற்றதே என்று வாளாவிருத்தலும் பெரும்பிழையாம். மூச்சுத் திணறல், உதடும் நாவும் வீங்குதல், உடலெங்கும் தடிப்பெழுதல் என்னும் இவை உடன் தோன்றின், அஃது உயிர்க்கு ஊறு விளைக்கும் ஒவ்வாமையாதல் கூடும். அந்நிலையிற் கணமும் தாழாது மருத்துவரை நாடல் வேண்டும்.

ஒருமுறை இவ்வாறு வீங்கியோர்க்கு, அம்மருந்தினை மீண்டும் ஏற்றின் மீண்டும் வீங்குதல் உண்டு. முன்னரே மாற்றுமருந்து கொடுத்துத் தடுக்கலாமெனினும், அஃது எஞ்ஞான்றும் பயன்படுவதில்லை. ஆதலின் நிகழ்ந்ததனைத் தம் மருத்துவக் குறிப்பில் எழுதுவித்துக்கொண்டு, அடுத்த சோதனைக்கு முன்னர் மருத்துவரிடம் மறவாது கூறுதல் நோயாளியின் கடன். அதுகொண்டு அச்சோதனை இன்றியமையாததா, வேறு வழி உண்டா என்று அவர் ஆராய்ந்து துணிவர். அச்சத்தால் வேண்டிய சோதனையை விலக்குதலும், அசட்டையால் நேர்ந்ததனை மறைத்தலும் ஒருங்கே தவிர்க்கற்பாலன.