வழக்குரைத்த தமிழ் மகள்: நவநீதம் பிள்ளை

வைகாசித் திங்கள் பிறந்ததும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தெற்கே கடலோரமாக அமைந்த காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலும் கண்ணகை அம்மன் கோயிற் கதவுகள் திறக்கின்றன. வழக்குரை காதை படிக்கப்பெறுகின்றது. ஒற்றைச் சிலம்பைச் சான்றாக ஏந்தி அரசவை புகுந்து நீதி கேட்ட பெண்ணின் கதையை இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகின்றனர். அக்கதையிலே தோய்ந்த நெஞ்சங்களுக்கு, நம் காலத்தில் உலக மன்றங்களில் வழக்குரைத்தும் வழக்குக் கேட்டும் பெயர் பெற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் வரலாறு உவப்பளிக்கும் என நம்புகிறோம். அவர் ஆபிரிக்கக் கண்டத்திற் பிறந்த நவநீதம் பிள்ளை.

1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேத்தால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அதுவே. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் தொடர்ந்து சென்றன. காந்தியடிகளின் அறப்போரிற் சிறை புகுந்து, நோயுற்று, 1914 இல் தம் பதினாறாவது வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை அவ்வாறு குடியேறிய சமூகத்திலே தோன்றியவர். நவநீதமும் அச்சமூகத்தின் மகளே.

அவர் 1941 செப்டெம்பர் 23 இல் டர்பன் நகரை அடுத்த கிளேர்வூட் என்னும் ஏழ்மை மிக்க பகுதியிற் பிறந்தார். தந்தையார் பஸ் சாரதி. நவநீதம் ஆறு வயதுச் சிறுமியாயிருந்தபோது, தந்தையின் மாதச் சம்பளமாகிய ஐந்து பவுணை ஒருவன் திருடிவிட்டான். குழந்தை நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொல்லிற்று. கள்வன் தண்டிக்கப்பட்டான், ஆனால் பணம் வீடு திரும்பவில்லை. 'குற்றவாளி சிறை சென்றான், நமக்கு என்ன கிடைத்தது?' என்ற கேள்வி அப்பிஞ்சு உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவருடைய வாழ்வு முழுவதையும் இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியென்றே கொள்ளலாம்.

கல்லூரிப் படிப்புக்குக் குடும்பத்திடம் பொருள் இல்லை. அவ்வூர் இந்திய மக்கள் தம்முள் நிதி திரட்டி அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். நேத்தால் பல்கலைக்கழகத்தில், வெள்ளையரல்லாதார்க்கென ஒதுக்கப்பட்ட வகுப்புகளிற் பயின்று 1963 இல் கலைப் பட்டமும் 1965 இல் சட்டப் பட்டமும் பெற்றார். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. வெள்ளையர் அல்லாத ஒரு பெண்ணைப் பணிக்கமர்த்த எந்தச் சட்ட நிறுவனமும் முன்வரவில்லை. ஆகவே 1967 இல் தாமே சொந்தமாக அலுவலகம் ஒன்றைத் திறந்தார். நேத்தால் மாகாணத்தில் அவ்வாறு தொழில் தொடங்கிய முதலாவது வெள்ளையரல்லாத பெண் அவரே.

இனவொதுக்கல் ஆட்சி கோலோச்சிய காலம் அது. அநீதியே சட்டமாகி நிற்கும் நாட்டில் ஒரு சட்டத்தரணி என்ன செய்ய இயலும்? அந்தச் சட்டத்துக்குள்ளேயே எங்கேனும் ஒரு வெடிப்பு உண்டா என அவர் தேடினார். 1971 இல், தாமும் சட்டத்தரணியாயிருந்த அவருடைய கணவர் காவலில் வைக்கப்பட்டார். முறைகேடான வழிகளில் அவரை விசாரித்தலாகாது என நீதிமன்றத்திலே தடை கோரி நவநீதம் வென்றார். 1973 இல், நெல்சன் மண்டேலா உள்ளிட்ட ரொபன் தீவுக் கைதிகள் சட்டத்தரணிகளைச் சந்திக்கும் உரிமையைப் பெற்றுக் கொடுத்தார். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1982 இல் முதுமாணிப் பட்டமும் 1988 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். தென்னாபிரிக்கரில் அங்குச் சட்டக் கலாநிதியான முதல்வர் அவர். நாடு விடுதலையை நோக்கி நடந்த நாளில், பெண்கள் தேசியக் கூட்டணியில் நின்று, புதிய அரசியலமைப்பின் சமத்துவ விதி உருவாக உழைத்தார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் வழக்காடியும் நீதிபதியின் அறையினுள் அவர் ஒருநாளும் கால்வைத்ததில்லை. நிறத்தின் பொருட்டு அது அவருக்குத் தடுக்கப்பட்டிருந்தது. 1995 இல் அதிபர் மண்டேலாவின் அரசு அவரை உயர்நீதிமன்ற நீதிபதியாக்கியது. அவர் முதன்முதலிற் புகுந்த நீதிபதியின் அறை அவருடைய சொந்த அறையே!

அதே ஆண்டில் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை அவரைத் தெரிவு செய்தது. 1994 இல் ஏறத்தாழ நூறு நாட்களுள் சுமார் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்ட நாடு ருவாண்டா. தன்சானியாவின் அருஷா நகரில் அமர்ந்த அத்தீர்ப்பாயத்தில் தொடக்க ஆண்டுகளில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. தபா என்னும் ஊரின் நகரத் தலைவனாயிருந்த அக்காயேசுவின் வழக்கு 1997 சனவரியில் தொடங்கியது. குற்றப் பத்திரிகையில் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டமை பற்றி ஒரு வரியேனும் இருக்கவில்லை. வேறு செய்திகளைச் சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்த கொடுமையை இடையிலே சொன்னாள். நீதிபதிகள் அதனைக் கடந்து போகவில்லை, கேள்விகள் கேட்டனர். மேலும் சாட்சிகள் வாய் திறந்தனர். அவ்வாண்டு யூன் மாதம் குற்றப் பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2 இல் வெளியான தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையே என உலகில் முதன்முறையாக நிறுவியது. போர் என்றால் இதுவும் நடக்கத்தான் செய்யும் என்று உலகம் காலங்காலமாகச் சொல்லி வந்த சமாதானம் அன்றோடு சட்டத்தின் முன் செல்லாததாயிற்று.

1999 முதல் 2003 வரை அத்தீர்ப்பாயத்தின் தலைவராகவும், பின்னர் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேன்முறையீட்டு நீதிபதியாகவும் அவர் பணியாற்றினார். 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர் ஆணையாளர் பதவியை வகித்தார்.

அப்பதவியிலிருந்தபோது, 2013 ஆகஸ்டில், அவர் இலங்கைக்கு வந்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு சென்றார். கிழக்கே திருகோணமலை வரை வந்தார். காணாமற் போனோரின் உறவினரைச் சந்தித்தார். தமிழர் என்ற காரணத்தால் அவர் பக்கம் சார்வார் என அமைச்சர் சிலர் ஏசினர். தாம் தென்னாபிரிக்கர் என்றும் அதிற் பெருமை கொள்வதாகவும் அவர் விடையிறுத்தார். அரசினை அவர் கண்டித்தார். தம்மோடு பேசியவர்கள் மிரட்டப்பட்டதையும் வெளிப்படையாகச் சொன்னார். விடுதலைப் புலிகள் இழைத்த கொலைகளையும் அதே உரையில், அதே குரலிற் கண்டித்தார். இரு சாராருக்கும் இனிக்காத சொல்லைச் சொல்லும் துணிவே நடுவுநிலைமையின் உரைகல் அன்றோ?

2021 இல் பாலஸ்தீனப் பிரதேசம் பற்றிய விசாரணை ஆணைக்குழுவுக்கு அவர் தலைவரானார். காசாவில் இனப்படுகொலை நிகழ்ந்தது என அவ்வாணைக்குழு 2025 செப்டெம்பரில் முடிவு கூறியது. இஸ்ரேல் அதனை மறுத்தது. எண்பது வயதைக் கடந்தும் ஏச்சும் புகழும் அவரைத் தொடர்ந்தே வந்தன.

ஆறு வயதில் அவர் கற்ற பாடத்துக்கு மீள்வோம். அருஷாவில் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் அத்தீர்ப்பாயத்துக்கு இருக்கவில்லை. அவர் பின்னர் அமர்ந்த ஹேக் நீதிமன்றத்தின் சட்டத்திலேதான் அதற்கு இடம் உண்டாயிற்று. தண்டனை வேறு, இழந்தோர் ஏதேனும் திரும்பப் பெறுதல் வேறு. 1990 ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிள்ளைகளைப் பறிகொடுத்து, நிழற்படத்தோடு அலுவலகப் படிகள் ஏறியிறங்கிய வாவிக்கரைத் தாய்மாருக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டுவதில்லை. உண்மையேனும் கைக்கு வரட்டும் என்பதே அவர்தம் வழக்கு.

பெண்ணொருத்தி வழக்குரைத்தாள் என்று பாடும் ஊர், வழக்குரைக்க எழும் தன் பெண்மக்களுக்குச் செவி கொடுக்கக் கடமைப்பட்டது. நவநீதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது கிளேர்வூட் ஏழை மக்கள் சேர்த்த சில்லறைக் காசு. நம் ஊர்ப் பாடசாலைகளிலும் கேள்வி கேட்கும் சிறுமியர் உளர். அவர்களை ஆசிரியர்கள் இனங்காண வேண்டும். ஊர் அவர்களைத் தாங்க வேண்டும்.